இரண்டு ஷேடு தள்ளி

எங்கள் முதல் குழந்தை பிறந்தபோது நான் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலையில் இருந்தேன். துணி வாங்கும் பையர் கேட்ட நிறமும் நாங்கள் தோய்த்த நிறமும் ஒன்றுதானா என்று எண் போட்ட நிற மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் தோய்த்த லாட் முழுவதும் திரும்பி வந்துவிடும்.

மகள் பிறந்த அன்று வெள்ளைப் பனியன் துணியில் தார் போலக் கறுப்பாக மலம் போனாள். பதறிவிட்டேன். "மொதல்ல அப்படித்தானுங்க போகும்" என்றார் நர்ஸ். மூன்றாம் நாள் பச்சை. ஐந்தாம் நாள் நல்ல கடுகு மஞ்சள். அந்த மஞ்சள் எனக்குப் பிடித்துப்போனது. கார்டில் அதன் எண்ணைத் தேடிக் குறித்துக்கொண்டேன். தினமும் ஜன்னல் வெளிச்சத்தில் துணியை விரித்து ஒப்பிடவும் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, அது புள்ளைங்க. உங்க லாட் இல்லீங்க" என்றாள் மனைவி.

இருபதாம் நாள் காலை மஞ்சளில் பச்சை தட்டியது. கைக்குக் கிடைத்த டிபன் டப்பாவில் துணியைப் போட்டு மூடி, தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிக் குழந்தை டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா மகளை எடை போட்டு, வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். நான் டப்பாவைத் திறந்து பக்கத்தில் கார்டை வைத்தேன்.

"நேத்து வரைக்கும் இதுங்க. இன்னைக்கு ரெண்டு ஷேடு தள்ளியிருக்குங்க."

"மொதல்ல அத மூடுங்க" என்றார் டாக்டர். பிறகு பொறுமையாகச் சொன்னார். "புள்ள நல்லாப் பால் குடிக்கறா, எடையும் ஏறியிருக்கா. கலர் இப்படி மாறறது சகஜந்தானுங்க. இவ குடல்ல இப்பத்தான் நல்ல கிருமிங்க குடியேறிட்டிருக்கு. தாய்ப்பால்ல ஒரு சர்க்கரை இருக்குதுங்க, அது புள்ளைக்கே செரிக்காது. அந்தக் கிருமிங்களுக்குத்தான் அது சாப்பாடு. எத எதிர்க்கோணும், எத விட்டுரோணும்னு இவ ஒடம்புக்குப் பழக்கறதுல அதுங்களுக்கும் பங்கு இருக்குதுங்க."

"அப்ப ஷேடு எப்பங்க செட்டாகும்?"

"சோறு ஊட்ட ஆரம்பிச்சா இன்னும் மாறுமுங்க. வெள்ளையாவோ, ரத்தமாவோ, மறுபடி கறுப்பாவோ போனா ஒடனே வாங்க. இதுக்கு நானே அப்ரூவல் குடுத்தர்றனுங்க."

ஆட்டோவில் ஏறியதும் மனைவி என் கையிலிருந்த டப்பாவைக் காட்டினாள்.

"அந்த டப்பா, எங்கப்பா அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடைங்கள்ல தேடித் தேடி வாங்கிக் குடுத்ததுங்க" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் குலுங்கிய குலுக்கலில் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த மகள் வாயை எடுத்துவிட்டு, யார் இது என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள்.