ஸ்தோத்திரம் பூட்டுக்காரர்

சாவியை நீட்டுகிறவரின் கையைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். "இது உங்க வீட்டுச் சாவியா? எந்தப் பக்கம் திருப்பினா திறக்கும்? வாயால சொல்லாதீங்க, கையால காட்டுங்க." மணிக்கட்டு தயங்காமல் திரும்பினால்தான் நகல் வெட்டுவார். சோப்பில் அச்சு எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. சோப்பை வாங்கி அதிலேயே தன் கையைக் கழுவிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பூட்டு திறக்கும் சத்தத்தோடு "ஸ்தோத்திரம்" என்பார். கடைவீதியில் அதுவே பெயராகிவிட்டது.

"இவரு ஆண்டவர்கிட்டயே அடையாள அட்டை கேப்பாரு" என்பார் பக்கத்துக் கடைத் தையல்காரர்.

"ஆண்டவரை நம்புறேன். உன்னை நம்பச் சொல்லி அவரு சொல்லலையே."

சிறையிலிருந்து வந்த பூட்டுக்காரரின் மைத்துனன் இந்தக் கடையில்தான் இருக்கிறான். முன்பு இங்கே வேலை பார்த்தபோது, நகலுக்கு வந்த ஒரு சாவியில் தனக்கும் ஒன்று வெட்டிக்கொண்டு அந்த வீட்டில் திருடியவன். அந்த வீட்டார் கடை வாசலில் நின்று கத்தினார்கள். பூட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவன் விடுதலையான அன்று, யாரும் சொல்லாமல் தானே போய் அழைத்து வந்தார். ஞாயிறன்று சபை நடுவே எழுந்து, "மன்னிச்சுட்டேன்" என்றார். மறுநாள் வீட்டு அலமாரிக்குப் புதுப் பூட்டு வந்தது.

"ஞாயித்துக்கிழமை மன்னிச்சு, திங்கக்கிழமை பூட்டு மாத்துற ஆளு உலகத்திலயே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள் மனைவி.

"மன்னிச்சது உன் தம்பிய. பூட்டு சாமானுக்கு."

வெட்டும் இயந்திரத்தின் பக்கம் மைத்துனனை விடுவதில்லை. பித்தளைத் தூளைக் கூட்டுவான், துருப்பிடித்த பூட்டுகளுக்கு எண்ணெய் விடுவான். "மாப்ள, கை மேசைக்கு மேல இருக்கட்டும்" என்பார் கேலிபோல. இருவருமே சிரிப்பதில்லை. காலை ஜெபத்தில் அவனுக்காக மனமுருகி வேண்டுவார், பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் அவனை ஓரக்கண்ணால் பார்த்தபடியே. வெளியே வேலைக்குப் போனால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவார். அவர் திரும்பும் வரை தையல்கடை நிழலில் நிற்பது அவன் பாடு.

இத்தனை நாளில் ஒரு ஆணிகூடக் காணாமல் போகவில்லை. அதுவே அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

போன வாரம் நல்ல மழை. தையல்காரர் கடை திறக்கவில்லை. தெருக்கோடி வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "அண்ணே, கதவு சாத்திக்கிச்சு. அடுப்புல பால் இருக்கு. சீக்கிரம் வாங்க!"

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷட்டரை இழுத்து இறக்கும் கொக்கியை எடுத்தார். அவர் வாய் திறப்பதற்குள் மைத்துனன் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு இறங்கிப் போய்த் தெருவில் நின்றுகொண்டான். ஒதுங்க இடமில்லை. உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டியபடி நனைந்தான். காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"ஏன்டா நனையிற?"

"நீங்க பூட்டணும்ல, அத்தான்."

குரலில் குறை ஒன்றும் இல்லை. பழகிப்போன குரல். பூட்டுக்காரர் கொக்கியைப் பிடித்தபடி நின்றார். உள்ளே சுவர் முழுக்க ஊரார் வீட்டுச் சாவிகள். அதில் ஒன்று போனாலும் இந்தக் கடைக்கு இனி யாரும் சாவி கொண்டு வரமாட்டார்கள்.

"அண்ணே, பால்!"

கொக்கியை ஆணியில் மாட்டினார். "உள்ள வாடா. யாராச்சும் வந்தா உக்காரச் சொல்லு."

அவன் நகரவில்லை. "ஷட்டர்?" என்றான்.

"திறந்தே இருக்கட்டும்."

அந்தப் பெண்ணின் பின்னால் வேகமாக நடந்தார். நாலு வீடு தாண்டுவதற்குள் மனம் கடைக்கு ஓடிவிட்டது. எந்தச் சாவியைத் தொடுகிறானோ, எந்த டிராயரை இழுக்கிறானோ. பாதி வழியில் கால் நின்றுவிட்டது, கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் கை நீளத்துக்கு அப்பால் அவருக்கு எல்லாம் வெறும் புகைதான்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையைத் திரும்பிப் பார்த்தார்.