டோன் பிலெமோனின் எழுத்துரு

காலையில் தெரெரே பானத்துக்கான இலை போட்ட குவளையில் நான் குளிர்ந்த நீரை ஊற்றி ஒரு மிடறு உறிஞ்சுவதற்கு முன்பே டோன் பிலெமோன் என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிடுவார். நான் எழுந்து ஜன்னலோரம் நிற்பேன். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறப்பார். சுருள்சுருளாக வால் நீண்ட எழுத்து, அளவு பதினான்கு, நிறம் கருநீலம். மூன்றையும் தேர்ந்து, புதிதாகத் திறக்கும் எல்லாப் பக்கத்துக்கும் இதுவே இருக்கட்டும் என்ற பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார். எங்கள் நகராட்சி அலுவலகத்தில் ஐந்து கணினிகள். ஐந்துக்கும் இந்தப் பூசை உண்டு. முந்தின நாள் மாலை யாராவது பழைய எழுத்தை மீட்டு வைத்திருப்போம் என்பது அவருக்குத் தெரியும்.

அறுபதை நெருங்கும் மனிதர்; மரியாதைக்கு ஆணை ‘டோன்’ என்றும் பெண்ணை ‘டோன்யா’ என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். வெயில் தகரத்தைப் பிளக்கும் எங்கள் கோடை மாதமான ஜனவரியிலும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற மாட்டார். சீப்பு சட்டைப்பையில்தான் இருக்கும். பதிவுப் பிரிவுக்குத் தலைவர். முத்திரையும், வேலை செய்கிற ஒரே அச்சு இயந்திரமும் அவர் மேசையில் இருப்பதால் எங்கள் ஊரான சான் ரோமுவால்டோவிலிருந்து வெளியேறும் எந்தக் காகிதமும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். இறப்புச் சான்றிதழும் குப்பை வரி நோட்டீசும் கல்யாணப் பத்திரிகை போல வரும். தெருநாய் பிடிக்கும் அறிவிப்பை யாரோ கத்தரித்து வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். அதை அவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

"எழுத்துங்கறது உடுப்பு மாதிரி, நிமியா. கல்யாணத்துக்கு அரை டவுசரோட போவியா?" என்பார்.

நிமியா எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு வேகத்துக்குப் பெயர் போனவள். தலையைத் தூக்காமல் பதில் சொல்வாள்: "நாய் பிடிக்கப் போறதுக்கு எதுக்கு டோன் பிலெமோன் கல்யாண உடுப்பு?"

அவர் காதில் அது விழாது. பிறர் எழுத்தின் அழகின்மை மட்டும்தான் அவர் கண்ணில் படும். தலைநகரிலிருந்து வரும் கடிதங்களைத் தூக்கிப் பிடித்து, "ஆஸ்பத்திரி சுவரு மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எங்களிடம் கேட்பார்.

போன வருடம் ஆற்றங்கரைத் தாழ்நிலத்துக் குடும்பங்கள் ஐம்பத்தெட்டும் மேட்டில் மனை கேட்டு விண்ணப்பம் எழுதின. ஆறு பெருகும்போதெல்லாம் வீட்டைவிட்டு ஓடுகிறவர்கள். நிமியா மூன்று சனிக்கிழமை வீடு வீடாகப் போய், வீட்டு வரிசையிலேயே பெயர்களை எழுதி வந்தாள். நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது தலைநகரின் விதி. அவள் சரியாக நான்கில் அடக்கினாள். அனுப்ப வேண்டிய நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாள். கோப்பை டோன் பிலெமோன் தன் கணினியில் திறந்தார். திறக்கிற எந்தக் கோப்பும் தன் பாணிக்கே மாறிக்கொள்ளும்படி அவர் எப்போதோ கணினி அமைப்பில் ஒரு பெட்டியை டிக் அடித்து வைத்திருந்தார். நான்கு பக்கம் ஏழாகப் பூத்தது.

"பாரு, இப்பத்தான் ஒரு மனுவுக்கு உண்டான களை வந்திருக்கு," என்று ஏழையும் அடுக்கித் தட்டி முத்திரை குத்தினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விதி எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது: பக்கம் அதிகம், பெயர்களை வாசிக்க இயலவில்லை, மனுக்களுக்கு அடுத்த அழைப்பு ஒன்பது மாதம் கழித்து. அதை எடுத்துக்கொண்டு தாழ்நிலத்து டோன்யா கிறிஸ்புலா நேரே அவர் மேசைக்கு வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் சிபா ரொட்டி விற்பவள்; கூடையைத் தரையில் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"இதுல என் பேரு எங்க இருக்குன்னு காட்டுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரல் சுருள்களின் மேல் ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. "இதோ."

"அது கிளோதில்தே. என் நாத்தனாரு. மூணாவது வீடு. நான் பதினேழாவது. எண்ணித்தான் நானே கண்டுபிடிச்சேன்."

"மை கொஞ்சம் கம்மியா விழுந்திருக்கு..."

"மை நல்லாத்தான் விழுந்திருக்கு டோன் பிலெமோன். நாங்கதான் விழல."

கூடையைத் தூக்கிக்கொண்டு மேயர் அறைப் பக்கம் நடந்தாள். மறுநாள் மேயர் உத்தரவு போட்டார். நிமியா ஐந்து கணினிகளிலும் பழைய எழுத்தை மீட்டாள். ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி. டோன் பிலெமோன் ரத்த அழுத்தம் என்று இரண்டு நாள் வரவில்லை.

ஜூனில், எங்கள் குளிர்காலம் தொடங்கும்போது, ஆறு ஏறியது. ஐம்பத்தெட்டுக் குடும்பமும் கால்பந்துத் திடலில் பலகையும் கறுப்புத் தார்ப்பாயும் கொண்டு குடிசை போட்டன. குளிரில் இரண்டு மாதம். கிளோதில்தேயின் கடைசிக் குழந்தை நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து பிழைத்தது. ஒரு மாலை டோன் பிலெமோன் ஒரு மூட்டை தெரெரே இலையைத் தோளில் சுமந்துகொண்டு திடலுக்குப் போனார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. ஒவ்வொரு குடிசைப் பலகையிலும் கரியால் குடும்பப் பெயர் எழுதியிருந்ததாம். எல்லாவற்றையும் நின்று வாசித்துவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் எங்களிடம் அதைச் சொன்னார்.  நிமியா முதல் தடவையாக அவருக்காக இரக்கப்பட்டுத் தலையைத் தூக்கினாள்.

"எழுத்துக்கு நடுவுல இடைவெளிதான் சரியில்ல," என்று முடித்தார்.

அடுத்த அழைப்பில் நிமியாவே எழுதி, நிமியாவே அச்செடுத்து, நிமியாவே பேருந்தேறிப் போய்க் கொடுத்தாள். இந்த மார்ச்சில் ஐம்பத்தெட்டு மனைப் பத்திரங்களும் வந்தன. கறுப்பு எழுத்து, அளவு பன்னிரண்டு. பெயர்களைக் கதவிலிருந்தே வாசிக்கலாம். பதிவேட்டில் ஏற்றும் வேலை டோன் பிலெமோனுடையது. சிபாக் கூடையோடு டோன்யா கிறிஸ்புலா வராந்தா வரிசையில் நின்றிருந்தாள். அவளுடைய பத்திரத்தை எடுத்தார். உதட்டைப் பிதுக்கிப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பென்சிலால் முதல் எழுத்துக்கு மெல்லிய வால் ஒன்று போட்டு, தூளை வாயால் ஊதிவிட்டார்.