முத்திரை உடையாமல் இருந்தது

ஒருவர் வாழ்நாளில் ஒரு விதியைக்கூட மீறவில்லை என்றால், அது அவருடைய நேர்மையா, அல்லது மீறித்தான் ஆகவேண்டும் என்கிற நாள் அவருக்கு இன்னும் வரவில்லை என்பதுதானா? அண்ணியை நினைக்கும்போதெல்லாம் ஓவிய வாத்தியாருக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கும்.

அண்ணி என்றால் அவனுடைய கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அவன் ஓவியம் சொல்லிக்கொடுத்த அதே பள்ளியில் வரலாற்று ஆசிரியை. பொதுத்தேர்வு வந்துவிட்டால் அந்த மையத்துக்கு முதன்மைக் கண்காணிப்பாளர். கேள்வித்தாள் கட்டுகள் இருக்கும் இரும்பு பீரோவின் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'அரை நிமிஷம்'. கடைசி மணி அடிக்கப்போகும் நேரத்தில், ஒரே ஒரு வரி என்று கெஞ்சுகிறவர்களிடம் "அரை நிமிஷம் இருக்கு, எழுது" என்பார். மணி அடித்ததும் பேனாவுக்கும் தாளுக்கும் நடுவில் கையை விட்டு உருவிவிடுவார். தாமதமாக வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அவர் முகம் மாறியதில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொன்னவர்கள் உண்டு. அந்த மையத்துக்குள் சிபாரிசில் ஒரு துண்டுச்சீட்டுகூட நுழையாது என்று சொன்னதும் அதே வாய்கள்தான்.

ஒரு முறை தேர்வு அறையில் அவன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டான். அண்ணி எழுப்பவில்லை. மெமோ எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வீட்டில் அவனுக்குச் சாப்பாடு போட்டதும் அவர்தான்.

"ஒரே கையால மெமோவும் வாங்கியாச்சு, சாப்பாடும் வாங்கியாச்சு" என்று அவன் சொல்ல, அண்ணன் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. "அது தூங்கினதுக்கு. இது பசிக்கு. ரெண்டையும் எதுக்குப் போட்டுக் குழப்பறே?"

பள்ளிக்குள் 'மேடம்', வீட்டுக்குள் 'அண்ணி'. அந்தக் கோட்டை அவன் தாண்டியதில்லை.

கேள்வித்தாள் கட்டைப் பிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. கட்டை வாங்கிய ஆசிரியர் அறைக்குப் போய், இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டு முத்திரையைக் காட்டவேண்டும். அரக்கு உடையவில்லை, நூல் அறுபடவில்லை என்று பார்த்து அவர்கள் உறைமேல் கையெழுத்துப் போடவேண்டும். அதன் பிறகே கத்தரி. வருஷக்கணக்காக இப்படியே நடந்ததில் எல்லோர் கண்ணும் அரக்குக்கே பழகிவிட்டது. அது என்ன தாள் என்று உறையின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படிக்கிறவர் இல்லை. திருடனுக்குப் பயந்து ஏற்படுத்திய முறை அது. மறதியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. போதாததற்கு, கணக்குத் தேர்வன்று கணக்கு ஆசிரியர்கள் அறைக்குள் நிற்கக்கூடாது. ஓவியம், தையல், விளையாட்டு என்று கணக்கோடு சம்பந்தமே இல்லாதவர்கள்தான் நிற்பார்கள்.

அன்று கணக்கு முதல் தாள். மறுநாள் இரண்டாம் தாள். பீரோவில் ஐந்தாம் அறைக்கான இரண்டு கட்டுகள் மட்டும் இடம் மாறிக் கிடந்தன. அண்ணி அறை எண்ணையும் முத்திரையையும் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அவனும் அவற்றையே பார்த்து வாங்கிக்கொண்டான்.

அறையில் முன் பெஞ்சுப் பெண்ணையும் அவளுக்குப் பின்னால் இருந்த பையனையும் கூப்பிட்டான். பையன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். பெண் உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இதுல ரெண்டுன்னு போட்டிருக்கே சார்."

"முத்திரை உடைஞ்சிருக்கா?"

"இல்ல சார். ஆனா..."

"அப்புறம் என்னம்மா? கையெழுத்தைப் போடு. மணி அடிக்கப்போகுது."

போட்டாள். அவன் கத்தரித்தான். முதல் வரிசைக்குக் கொடுத்து முடிப்பதற்குள் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான். "சார், இது நாளைக்கு உள்ளது சார். நாளைக்கே நான் ஒழுங்கா எழுதமாட்டேன், இன்னைக்கே கேட்டா எப்படி சார்?"

அறை முழுக்கச் சிரித்தது. அவன் அப்போதுதான் உறையின் மூலையைப் படித்தான். கொடுத்த தாள்களைப் பிடுங்கிக்கொண்டு அண்ணியின் அறைக்கு ஓடினான்.

"அண்ணி, தப்பு நடந்துபோச்சு. நாளைக்குள்ள கட்டைப் பிரிச்சுட்டேன். ஒரு வரிசைதான் பார்த்திருக்கு. திரும்ப ஒட்டிடலாம் அண்ணி, யாருக்கும் தெரியாது."

"இங்க மேடம்" என்றார் அண்ணி. பீரோவைத் திறந்து சரியான கட்டை எடுத்து நீட்டினார். "முதல்ல இதைக் கொண்டுபோ. பிள்ளைங்க காத்துட்டிருக்காங்க."

"நீங்க சொன்னா நாளைக்குப் பரீட்சையே நின்னுபோயிடும் மேடம்."

"நிக்கட்டும்." தொலைபேசி ஏற்கெனவே அவர் காதில் இருந்தது.

நின்றுதான் போனது, எல்லா மையங்களிலும். இரவு பகலாகப் படித்த பிள்ளைகள் இன்னொரு தேதிக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் வாசலில் திரண்டார்கள். ஒரு கல் அலுவலக ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த முன் பெஞ்சுப் பெண்ணின் அப்பா உள்ளே வந்தார். "எம் பொண்ணு அப்பவே சொல்லியிருக்கா. சொல்லியும் பிரிச்சிருக்கீங்க. அவ தலையில எதையாவது கட்டினீங்க, நான் சும்மா விடமாட்டேன்" என்று கத்தினார்.

விசாரணை தலைமையாசிரியர் அறையில் நடந்தது. வந்த அதிகாரி சத்தம் போடாதவர். அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"தெரியாம நடந்தா அது தவறு. கண்டிச்சு விட்டுடலாம்" என்றார் அவர். "சொல்லியும் நடந்திருந்தா கதை வேற. கேட்டும் கேட்காம இருந்தவருக்கு வேலை போயிடும். யாரும் சொல்லவே இல்லைன்னா, இந்தப் பொண்ணு பொய் சொல்லுது. விசாரணையில பொய் சொன்னதுக்கு அதோட பரீட்சை மொத்தமும் ரத்தாகும்."

கூடக் கையெழுத்துப் போட்ட பையன், பதற்றத்தில் தன் காதில் எதுவும் விழவில்லை என்று முன்பே சொல்லிவிட்டான். மிச்சம் இருந்தது அந்தப் பெண்ணின் வார்த்தை ஒன்றுதான்.

ஓவிய வாத்தியாருக்கு எத்தனையோ வருஷம் தற்காலிகமாக இருந்து அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. கைக்குழந்தை வீட்டில். வாயைத் திறந்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது. நாக்கின்மேல் பழி போடலாம். அவன் பிற்பாடு அப்படித்தான் போட்டான்.

"யார்கிட்டம்மா சொன்னே?" என்றார் அதிகாரி.

பெண்ணின் கண் அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது.

"என்கிட்டதான் சொன்னா" என்றார் அண்ணி.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார்.

"அஞ்சாம் அறை வாசல்ல நான் நின்னுட்டிருந்தேன். இந்தப் பொண்ணு சொல்லிச்சு. நேரமாகுது, போடுன்னு நான்தான் அதட்டினேன். சார் உள்ள தாள் அடுக்கிட்டிருந்தார், அவர் காதுல விழுந்திருக்காது."

"அப்படியாம்மா?"

பெண் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

கண்ணால் கண்டதைத் துணிந்து சொன்ன ஒரே ஆள் அந்தப் பெண். அவளையும் அன்று பொய்க்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அதை நினைத்தால் அண்ணி செய்ததைப் பாராட்ட வாய் எளிதில் வருவதில்லை. உண்மை வெளியே வந்திருந்தாலும் அவள் பரீட்சைக்கு ஆபத்து வந்திருக்காது. போயிருக்கக்கூடியது அவன் வேலை மட்டும்தான். ஆக அந்தப் பொய் அவனுக்காகத்தான் என்று முடிவு கட்டலாம். ஆனால் தூங்கியதற்கு மெமோ கொடுத்தவரை அவனுக்குத் தெரியும். பாசம் என்று சொல்லிவிட்டுப் போக அவனால் முடியவில்லை. தானே எடுத்துக் கொடுத்த கட்டு என்பதை அவரால் மன்னிக்க முடியவில்லையோ என்னவோ. அதுவும் ஊகம்தான்.

அண்ணிக்கு வேலை போயிற்று. பரீட்சை தள்ளிப்போன பிள்ளைகளின் வீடுகள் இருந்த தெருவில் அவர் நடந்தால் கதவுகள் சாத்திக்கொண்டன. "இவங்களை யார் பழியை ஏத்துக்கச் சொன்னா? காலம் முழுக்க இவங்க முன்னால நாம தலை குனிஞ்சு நிக்கணும்" என்று அவன் மனைவி முணுமுணுத்தாள். அண்ணன் மட்டும் ஒரு நாள் அவனைத் தனியே நிறுத்தி, "அவ சொன்னதுதான் நடந்ததாடா?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றான். அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணி கொல்லையில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"அன்னைக்கு ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

அண்ணி வாளியிலிருந்து கனமான போர்வையை இழுத்தெடுத்து, ஒரு முனையை அவன் கையில் திணித்தார்.

"இறுக்கிப் பிடி. தனியாப் பிழிய முடியலை."

அவர் ஒரு பக்கமாக முறுக்கினார், அவன் எதிர்ப்பக்கமாக. தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது.