பதினேழாவது ஆள்

கணக்கு டீச்சர் என்று தெரிந்துவிட்டால் போதும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூடத் தன் பத்தாம் வகுப்பு மார்க்கைச் சொல்லி என்னிடம் வருத்தப்படுவார். எங்கள் தொழிலின் ராசி அப்படி. அதிலும் நான் விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதப் போட்டிக் கழகம் வேறு நடத்துகிறேன். பாடத்தில் இருக்கும் கணக்கே போதும் போதும் என்றிருக்கிற பிள்ளைகளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்து உட்கார வைத்து, பாடத்தில் இல்லாத கணக்கையும் போட வைக்கிற வேலை. எந்தக் கல்லூரியிலாவது எந்தக் கழகத்துக்காவது நீங்கள் பொறுப்பாக இருந்திருந்தால், மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

முதலில் வாசல்

கற்பகம் மூன்றாமாண்டில்தான் கழகத்துக்கு வந்தாள். சிவகாசியில் நாரணாபுரம் பக்கம் அவள் அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி. படிப்பு முடிந்ததும் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து ஆர்டர் கவனிக்க வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு. அவளுக்கோ மேலே கணக்குப் படிக்க ஆசை. சென்னையில் ஒரு பெரிய கல்வி நிலையம் வருஷா வருஷம் போட்டி நடத்தும். கடைசிச் சுற்றில் தேறினால் மேல்படிப்புக்கு அங்கேயே இடம் கிடைக்கும். அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான், ஒரே வருஷமும் அதுதான்.

வந்த அன்று அவள் நோட்டையே திறக்கவில்லை. பின்வாசலை அடைத்துக் கிடந்த பெஞ்சை இழுத்துப் போட்டாள். நான் பார்த்த நாளிலிருந்து திறக்காத கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். பிறகு எல்லாரையும் மேஜைக்கு நாலு பேராகப் பிரித்து உட்கார வைத்தாள். கழகம் யாருடையது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னம்மா இது என்று கேட்டேன்.

"வேல பாக்குற எடத்துல வெளிய போற வழியத்தான் முதல்ல பாக்கணும் மேம். அப்புறந்தான் வேல."

ஆளை வைத்து ஒரு கணக்கு

புறாவையும் கூண்டையும் வைத்துச் சொல்கிற பழைய கணக்கு ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுக்குப் புறா எதற்கு என்று நான் மனிதர்களை வைத்துச் சொன்னேன். பதினேழு பேர், நாலு அறை. எப்படிப் பிரித்து விட்டாலும் ஏதோ ஓர் அறையில் ஐந்து பேராவது இருந்தே தீர்வார்கள் என்று நிரூபிக்க வேண்டும். சுலபமான கணக்குதான்.

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் 'அனுமதி இல்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். பட்டாசு வேலை நடக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டமாம். பாலோடு சேர்த்துக் குடித்த சட்டம் போலிருக்கிறது. சரி, ஆட்கள் வேண்டாம், ஆடுகளைப் பட்டியில் அடைப்போம் என்று மாற்றினேன். உடனே காரியாபட்டி முத்துப்பாண்டி எழுந்து, அதில் கிடா எத்தனை, இரண்டு கிடாவை ஒரே பட்டியில் அடைத்தால் முட்டிக்கொள்ளாதா என்று விசாரித்தான். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். கற்பகத்துக்கு என்மேல் இரக்கம் வந்தது.

"அந்தப் பதினேழாவது ஆளுக்கு ஒரு ரூமு கட்டிக் குடுத்துருங்க மேம். ஒங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

இடி

முதல் சுற்று விருதுநகரிலேயே, வேறொரு கல்லூரியில் நடந்தது. பாதித் தேர்வில் சூலக்கரைப் பக்கம் வானம் கறுத்து, ஓர் இடி இடித்தது. கற்பகமும் அவள் ஊர்ப் பிள்ளைகளும் பேனாவை மூடி வைத்துவிட்டு வரிசையாக வெளியே நடந்து வந்தார்கள். இடிச் சத்தம் கேட்டால் கம்பெனியில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கால்கள், தேர்வு என்றெல்லாம் யோசிக்கவில்லை.

வராந்தாவில் நின்றிருந்த எனக்கு உயிரே போய்விட்டது. வெளியே வந்தபிறகுதான் அவர்களுக்கும் புத்தி வந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மறுபடி உள்ளே விட்டார். கற்பகத்துக்கு ஒரு கணக்கு எழுத நேரமில்லாமல் போனது. அப்படியும் கடைசிச் சுற்றுக்குத் தேறிவிட்டாள். போகும்போது அந்த மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"காப்பி அடிக்கிற பிள்ளைகளப் பாத்திருக்கேன் மேடம். மேகத்தப் பாத்து எந்திரிச்சுப் போற பிள்ளைகள இப்பத்தான் பாக்கேன்."

என் வாய்

கடைசிச் சுற்று தீபாவளி சீசனில் வந்து விழுந்தது. கம்பெனியில் லோடு ஏற்ற லாரிகள் நிற்கிற நேரம். அனுமதி கேட்க நானே கற்பகத்தைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். டீ வரவழைத்தார். சீசனைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுத்தார். ஆனாலும், ஒரு நாள்தானே, ஆர்டரைத் தன் தம்பி பார்த்துக்கொள்வான் என்று இறங்கி வந்தார்.

அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். போட்டியின் பெருமையைச் சொல்கிறேன் என்று, ஐநூறு பேர் உட்காரும் ஹால், மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள், முடிகிறவரை ஒருத்தரும் வெளியே வர முடியாது, அவ்வளவு கண்டிப்பு என்று அளந்துவிட்டேன். கற்பகம் என் சேலையைப் பிடித்து இழுத்தது தாமதமாகத்தான் உறைத்தது. அண்ணாச்சி கோபப்படவில்லை, பயந்துவிட்டார்.

"அஞ்சாவது ஆள உள்ள விடுற மேஸ்திரிய நான் வேலைக்கே வச்சுக்கிறதில்ல டீச்சர். ஐநூறு பேரப் போட்டுக் கதவச் சாத்துறவுககிட்ட எம்மகள எப்படி விடுவேன்?"

பின்வாசலில் ஒருவர்

அடுத்த வெள்ளிக்கிழமை மழை. மகளைக் கூட்டிப்போக அண்ணாச்சியே வந்து, அவள் திறந்து வைத்த அந்தப் பின்வாசலில் நின்றார். போக முடியாத போட்டிக்குத் தயாராவானேன் என்று கற்பகம் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பதினேழு பேர் கணக்கை நடத்திக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. பதினாறு பேர்வரை நாலு நாலாகச் சரியாக இருக்கும், பதினேழாவது ஆள் வந்ததும் எந்த வித்தை செய்தாலும் ஓர் அறையில் ஐந்து ஆகிவிடும் என்று பலகையில் போட்டுக் காட்டினாள்.

அண்ணாச்சி மேஜைகளைப் பார்த்தார், நாலு நாலு பேர். வாசல்களைப் பார்த்தார், இரண்டும் திறந்திருந்தன. பிறகு பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"இதத்தானே தெனமும் மேஸ்திரிககிட்டத் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். ஹால நானே வந்து பாக்கேன் டீச்சர். வாசல் சரியா இருந்தா எம்மக எழுதட்டும்."

சென்னை

வந்தார். ஹாலைச் சுற்றி நடந்தார். காவலாளியிடம் என்ன பேசினாரோ, அட்டைப்பெட்டி அடுக்கி மறைத்திருந்த பக்கவாசல் திறந்துவிட்டது. அதற்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, தேர்வு முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, மேகம் ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் தேறியவர்கள் பட்டியலில் கற்பகத்தின் பெயரை வாசித்தார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். முத்துப்பாண்டிக்குப் போன் செய்தால் அவனும் அழுதான். அண்ணாச்சி மட்டும் அழவில்லை. நேரே கல்வி நிலையத்து ஆபீசுக்குப் போய், விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றார்கள். மகள் பக்கம் திரும்பியபோதுதான் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

"மூணுதானாம். இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்குல்லா, போயிட்டு வா தாயி."

கணக்குக்கு விடை கண்டுபிடிப்பதைப் பெரிய வேலை என்று நினைத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், அந்த விடையை வைத்து ஓர் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது பாடத்திட்டத்தில் இல்லாததால் அதையும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் சேர்த்துவிட்டேன்.