சத்தம் போடுகிற கம்ப்ரசர்

சோபாக்காரர் ஸ்டேப்ளர் பின் அடித்துத் துணி போர்த்திய நாற்காலியை யானை வந்து இழுத்தாலும் ஒரு நூல் பிரியாது. யானையைக் கூட்டிவந்து யாரும் பார்க்கவில்லை, கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் அவருடைய பழைய கம்ப்ரசரின் சத்தத்தைக் கூட்டிச் சொல்ல அவசியமே இல்லை. பின் அடிக்கிற கருவிக்குக் காற்று கொடுக்கும் அந்த மெஷினின் டேங்கில் துருப்பிடித்து எங்கோ கசிவு. அவர் பின் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் காற்று இறங்கிவிடும். இறங்கியதும் மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி உறுமும். வெளியே கிளம்பினால் அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

பட்டறைக்கும் மனைவி படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். "இனி வீட்டிலேயே வச்சுப் பாத்துக்குங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியதன் அர்த்தம் அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்; இருவரும் தெரியாத மாதிரி இருந்தார்கள். மெஷின் ஒருநாள் புகைந்து நின்றபோது அவருக்கு ஒரு வகையில் நிம்மதி. இருக்கிற நாளிலாவது அவள் கண்ணயரட்டும் என்று, ஒரு தலையணையைப் பையில் திணித்துக்கொண்டு கம்ப்ரசர் விற்கும் கடைக்குப் போனார்.

"பெயின்ட் அடிப்பீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. சோபா வேலை. பின் மட்டும்தான்."

"அப்ப பெரிய டேங்க் எதுக்கு? இந்தச் சின்னது போதும். ஆயில் ஊத்தற வேலையும் இல்ல."

"ஓட்டிக் காட்டுங்க." சொல்லிவிட்டுத் தடுப்புப் பலகைக்குப் பின்னால் போய், தலையணையைப் போட்டுத் தரையில் படுத்துக்கொண்டார்.

"என்னண்ணே, வாங்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?"

"படுத்திருக்கிறவ காதுல எப்படி விழும்னு நின்னு பாத்தா தெரியுமா? அடுத்ததை ஓட்டுங்க."

இருந்ததிலேயே அமைதியானதை வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்தார். பூனையின் குறட்டை மாதிரி ஒரு முனகல்; டேங்க் நிரம்பினால் அதுவும் கிடையாது. அவர் துணியை அளந்து வெட்டத் தொடங்கினார்.

"என்னங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி கூப்பிட்டாள்.

ஓடினார். "என்னம்மா, வலிக்குதா?"

"இல்ல. இருக்கீங்களான்னு பாத்தேன்."

ஸ்பாஞ்ச் ஒட்டும்போது மறுபடி கூப்பிட்டாள். மறுபடி ஓடினார். சாயங்காலத்துக்குள் அவள் தொண்டை கம்மிவிட்டது.

"பழசு உறுமினா நீங்க அங்க இருக்கீங்கன்னு அர்த்தம். இப்ப ஒண்ணுமே தெரியலைங்க. கிணத்துக்குள்ள படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

"அந்தச் சத்தத்துல எப்படிம்மா தூங்கின?"

"அந்தச் சத்தத்துலதானே தூங்கினேன்."

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனார்.

"சத்தம் போடறது வேணுமா? வெயில்ல நடந்து வந்தீங்களாண்ணே?"

விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரரின் சிரிப்பு அடங்கிவிட்டது. மூலையிலிருந்த, பெல்ட்டில் ஓடுகிற ஒரு பழைய மெஷினை அவரே துடைத்துக் கொடுத்தார். வீட்டில் சோபாக்காரர் டேங்குக்கு அடியில் தண்ணீர் வடிக்கிற திருகை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்திவிட்டார். காற்று கசிந்தது, மெஷின் அடிக்கொரு தரம் உறுமியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வாய் திறந்து தூங்கினாள்.

ஒரு மத்தியானம் மகளை அவளுக்குத் துணையாக வைத்துவிட்டு, சோபா ஒன்றைக் கொடுத்துவரப் போனார். திரும்பியபோது தெருமுனையிலேயே உறுமல் கேட்டது. அணைத்துவிட்டுப் போனது எப்படி ஓடுகிறது என்று உள்ளே வந்தால், மகள் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார். கடைக்காரர் வந்தபோதும் சொன்னார்.

"நான்தான் பக்கத்துல இல்லாம போயிட்டேன். நல்லவேளை, பொண்ணு மெஷினைப் போட்டுவிட்டிருக்கா. நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே அவ போயிட்டா. அது போதும் எனக்கு."

"இல்லப்பா," என்றாள் மகள். "அம்மா கண்டுபிடிச்சிட்டா. 'மெஷின் ஓடுது, பின் அடிக்கிற சத்தமே இல்லையே, அப்பா இன்னும் வரலதானே'ன்னு கேட்டா. ஆமான்னேன். 'அப்ப அணைச்சிடு, கரன்ட் வீணாகுது'ன்னா. எனக்குத்தான்ப்பா அணைக்க மனசு வரல."