சர்வேயர் பார்த்த மூன்று டிராக்குகள்

அடிபட்ட காரைப் பார்த்து, அது சொல்கிற கதையும் சொந்தக்காரர் சொல்கிற கதையும் ஒத்துப்போகிறதா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பதுதான் சர்வேயர் வேலை. அந்த வேலையை இருபத்தாறு வருடமாகச் செய்துவந்தவளை ஒர்க்‌ஷாப்காரர்கள் லென்ஸ் அக்கா என்பார்கள். மூக்குக்கண்ணாடி போதாதென்று கையில் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு பெயின்டைப் பார்ப்பதால் வந்த பெயர். அவள் கேட்டுக்குள் நுழைந்ததும், "லென்ஸ் அக்கா வர்றாங்க, அந்தப் பழைய பம்பர உள்ள தள்ளு" என்று ஷெட்டுக்குள் ஒரு குரல் போகும். அவள் காதிலும் அது விழும். விழாதமாதிரியே நடந்து, நேராகப் போய் அந்த பம்பர் பக்கத்தில்தான் நிற்பாள்.

கணவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஒருநாள் அவர் வழக்கத்தைவிட முக்கால் மணிநேரம் முன்னாடியே வீட்டுக்கு வந்துவிட்டார். "மெஷின் ரிப்பேர்" என்றார். எந்த மெஷின், யார் வந்து பார்த்தார்கள், என்ன பார்ட் போச்சு என்று அவள் கேட்டுக்கொண்டே போக, மனிதர் கடைசியில், "நான் எலும்போட நிறுத்திக்கிறேன்மா. நீ அதையும் தாண்டிப் போற" என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்டவள் நாற்பத்தொன்பதாவது வயதில் நானூறு குதிரைத்திறன் கொண்ட இரண்டு கதவுக் கார் ஒன்றை வாங்கினாள். ஓடுகிற காரைப் பார்த்ததைவிட ஓடி முடிந்த காரைப் பார்த்ததுதான் அவள் வாழ்க்கையில் அதிகம். ஒரு தடவையாவது முழுசாக இருக்கிற, நல்ல காரோடு பழக வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. விற்றவர் ஒரு கண் டாக்டர். அவர் வீட்டுக்கு நான்கு தடவை போய், காருக்கு அடியில் படுத்துப் பார்த்து, அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று ஆனபிறகுதான் சாவியை வாங்கினாள்.

வாங்கிய மூன்றாம் மாதம், லேசான தூறலில், ஒரு ரவுண்டானாவில் திரும்பும்போது காரின் பின்பக்கம் அவளைக் கேட்காமலே ஒருபக்கமாகப் போனது. எதிலும் இடிக்கவில்லை. ஆனால் அங்கிருந்து வீடுவரை இருபதுக்கு மேல் அவள் ஓட்டவில்லை. ஒர்க்‌ஷாப் மேஸ்திரியிடம் மட்டும் சொன்னாள்.

"இந்த வண்டிய ரோட்ல கத்துக்க முடியாதுக்கா" என்றார் மேஸ்திரி. "ரேஸ் இல்லாத நாள்ல ரேஸ் டிராக்க நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் திறந்து விடுவாங்க. டிராக் டேன்னு பேரு. போட்டி, பரிசு எதுவும் கிடையாது. அவங்கவங்க வண்டிய அவங்கவங்க ஓட்டிப் பழகலாம்."

"உங்களுக்கு அங்க யாரையாவது தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அப்புறம் எதுக்கு சிபாரிசு பண்றீங்க?"

மேஸ்திரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

காரை எடுக்காமல், பஸ்ஸில்தான் அவள் டிராக் பார்க்கப் போனாள். காரைப் பார்த்தால் பேச்சு மாறிவிடும் என்பது அவள் கணக்கு. முதல் இடம் கண்ணாடி மாளிகைபோல இருந்தது. மேனேஜர் வெள்ளை ஷூ போட்டிருந்தார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். "புதுசா வர்றவங்களுக்கு இத விட நல்ல டிராக் கிடையாது மேடம். இதுவரைக்கும் ஒரு ஆக்சிடென்ட்கூட நடந்ததில்ல" என்றார்.

'ஒரு கீறல்கூட விழுந்ததில்ல' என்று ஆரம்பிப்பவர்களின் காரைத்தான் அவள் முதலில் ஜாக்கி போட்டுத் தூக்குவாள். டிராக்கை நடந்து பார்க்கவேண்டும் என்றாள். யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் மேனேஜர். கேட்பதில் தப்பில்லையே என்றாள் இவள். மதிய சாப்பாட்டு நேரத்தில் விட்டார்கள்.

ஒரு கிலோமீட்டருக்கு நேர்கோடு. அதன் முடிவில் முழங்கையை மடக்கினமாதிரி ஒரு வளைவு. வளைவுக்கு வெளியே பத்தடியில் இரும்புத் தடுப்பு. நானூறு குதிரைத்திறனோடு ஒரு புது ஆள் அந்த நேர்கோட்டை மிதித்துக்கொண்டு வந்தால், வளைவைப் பார்ப்பதற்குள் தடுப்பைப் பார்த்துவிடுவான். தடுப்பில் எல்லாத் தகடும் வெயில்பட்டு வெளுத்திருக்க, நடுவே மூன்று மட்டும் பளபளத்தன. அவற்றின் நட்டுகளில் துரு பிடிக்கவில்லை. சரளைக் கல்லைக் காலால் கிளறினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சில்லு கிடைத்தது. எந்தக் காரின் எந்தப் பக்க இண்டிகேட்டர் என்று அவளால் சொல்ல முடிந்தது. திரும்பி வந்து அதை மேனேஜர் மேசைமேல் வைத்தாள். அவர் சிரித்தார். அவள் இன்னொரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டாவது டிராக் மலைச்சரிவில் ஏறி இறங்கியது. பார்க்க அவ்வளவு அழகு. மேட்டின் உச்சியில் போகும்போது அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் கொடி காட்ட ஆள் நிற்கவேண்டும். நிற்கிறார்கள் என்றார்கள். தூரத்திலிருந்து எண்ணியபோது சரியாகத்தான் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் ஆறாவது வளைவில் நாற்காலி முதுகில் ஒரு மஞ்சள் சட்டை மாட்டியிருந்தது. சட்டைக்குள் ஆள் இல்லை. அதையும் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது இடம் விமானங்கள் வருவது நின்றுபோன பழைய ஓடுதளம். தட்டையாக, அழகே இல்லாமல் கிடந்தது. நேர்கோடுகள் குட்டை. எந்த வளைவுக்குள் நுழையும்போதும் அதன் மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் புல்தான். சுவர், தடுப்பு என்று கிட்டத்தில் ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட ஆபீசில் இருந்த பெண் கேட்காமலே ஒரு பெரிய நோட்டை எடுத்துப் போட்டாள்.

"விபத்து ரிஜிஸ்டர்க்கா. இந்த வருஷம் பதினேழு. படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

லென்ஸ் அக்காவுக்கு இதுதான் பெரிய சந்தேகமாக இருந்தது. தானாக வந்து சின்னத் தப்பை ஒத்துக்கொள்கிறவன் பின்னால் பெரிய தப்பை மறைக்கிறான் என்பது அவள் அனுபவம். பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, மை மாறியிருக்கிறதா, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதினமாதிரி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். சுழன்று புல்லுக்குள் போனது, சுழன்று புல்லுக்குள் போனது என்றே இருந்தது. போய்ப் புல்லைப் பார்த்தாள். எழுதியிருந்த இடங்களில் டயர் தடம் இருந்தது. ஓரமாக நின்ற ஆம்புலன்ஸை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். முதல் சாவித் திருப்பலிலேயே கிளம்பியது. புதியவர்களுக்குத் தனி நேரம், ஒரு சமயத்தில் பத்து கார்தான், முதல் நாள் முழுக்கப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர்.

"அப்ப அந்த இடம் புடிச்சிருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"குறை எதுவும் சிக்கல. அதான் யோசனையா இருக்கு."

ஆனாலும் படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

டிராக் டே அன்று காலை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தன் காரில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் மாட்டிய, ஒல்லியான ஒருவர் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "பிரேக்க முழுசா மிதிக்கப் பயப்படக்கூடாது. அதான் முதல் பாடம்" என்றார்.

முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு கம்பெனியின் பெரிய கார் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் மோதியது. யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. அந்தக் காரின் டிரைவர் இவர். "முழுசா மிதிச்சேன் மேடம், காலு நோகுற அளவுக்கு மிதிச்சேன்" என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் சாலையைப் பார்த்தாள். பிரேக் பிடித்தால் விழவேண்டிய கறுப்புக் கோடு விழவில்லை. 'பிரேக் பிடித்த தடயம் இல்லை. ஓட்டுநர் தூங்கியிருக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவருக்கு வேலை போயிற்று. தூங்குமூஞ்சி டிரைவர் என்று பெயரும் ஒட்டிக்கொண்டது.

மூன்று வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில், சக்கரம் இறுகாமல் விட்டுவிட்டுப் பிடிக்கிற ஏபிஎஸ் பிரேக்கைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். அந்த பிரேக்கில் கறுப்புக் கோடு விழாது. லேசாக ஒரு நிழல் விழும், அதையும் ஒரு மழை கழுவிவிடும். அவள் ஆபீசுக்குப் போய்ப் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தாள். அந்தக் காரில் அந்த பிரேக் இருந்தது. மோதலுக்கு மறுநாள் மழை பெய்திருந்தது. அவள் சாலையைப் பார்த்தது அதற்கும் மறுநாள். ஃபைலை இருந்த இடத்திலேயே வைத்தாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பயிற்சியாளர்கள் இருக்க இவர் ஏன் வந்தார்? தெரிந்து வந்தாரா? தன் சொந்தக் கார் என்பதையும் மறந்து, அவர் பக்கம் இன்னொரு பெடல் இருக்கிறதா என்று காலடியில் பார்த்தாள். இல்லை. அவர் கை மடியில் இருந்தது. அந்தக் கை ஸ்டியரிங் பக்கம் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் காரை நகர்த்தினாள்.

டிராக்குக்குள் போகாமல், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு மட்டும் நின்ற காலியான தார்ப் பட்டைக்கு ஓட்டச் சொன்னார் அவர்.

"நூறுல வாங்க. அந்தக் கூம்பு வந்ததும் மிதிங்க. பெடல உடைக்கணும்னு நெனச்சு மிதிங்க."

மூன்று தடவையும் அவள் பாதிதான் மிதித்தாள். பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதா, கூம்பைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

"என்னைப் பாக்காதீங்க. கூம்பப் பாருங்க" என்றார்.

நாலாவது தடவை முழுசாக மிதித்தாள். பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைத்தது. கார் நேராக நின்றது.

"எறங்கி, பின்னாடி போய் ரோட்டப் பாருங்க."

போனாள். தரையில் ஒன்றுமில்லை. குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனபோது, சாம்பல் நிறத்தில் இருக்கிறதா இல்லையா என்கிறமாதிரி ஒரு நிழல். அவரும் வந்து நின்றார்.

"இத எல்லாருக்கும் காட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"காட்டுவேன். வண்டி நிக்கும்ங்கற நம்பிக்கை வரணும்ல."

"எனக்கும் அதுக்குத்தானா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அறுபது வயது இருக்கும். "படிவத்துல கையெழுத்தப் பாத்தேன். அத மறக்குறதுக்கு இல்ல. இந்த வண்டில நான்தான் உக்காருவேன்னு ஆபீஸ்ல கேட்டு வாங்குனேன். நீங்க ஒரு தடவ இதப் பாக்கணும், அவ்வளவுதான். அப்ப இந்த பிரேக் புதுசு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அங்கேயே தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். தெரியாது என்பதை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் ஊரில் உள்ளவர்கள் எல்லோருடைய பொய்யையும் கிளறியவளுக்கு அந்த ஒரு தலையாட்டல் வரவில்லை.

"தெரியும்" என்றாள். "மூணு வருஷத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஃபைலயும் எடுத்துப் பாத்தேன். திரும்ப வெச்சுட்டேன்."

அவர் முகம் அப்போதுதான் மாறியது. பழைய டயர்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அவள் காருக்குப் பக்கத்திலேயே நின்றாள். பத்து நிமிடம் இருக்கும். தூரத்தில் மற்ற கார்களின் சத்தம் வந்து போய்க்கொண்டிருந்தது.

"தெரியாம எழுதுனதுன்னு நெனச்சுதான் இத்தன வருஷம் மனசத் தேத்திக்கிட்டேன்" என்றார் எழுந்து வந்து. பிறகு, "சரி, ஏறுங்க. உங்க நேரம் போகுது."

ஏறுவதா வேண்டாமா என்று அவளுக்கு இருந்தது. கோபத்தில் இருக்கிற ஆளை நம்பி வண்டி ஓட்டலாமா? எந்த வளைவில் எந்த வார்த்தையை மாற்றிச் சொல்வார்? சோதித்துப் பார்க்க வழியில்லை. ஏறினாள். பிற்பகல் வரை அவர் 'பிரேக்', 'திருப்பு', 'விடு' என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை. ஒவ்வொன்றையும் சரியான இடத்தில் சொன்னார். ஒரு தடவை அவளாகவே அவசரப்பட்டு மிதித்துச் சுழன்று புல்லுக்குள் போனாள். அவரே இறங்கிப் போய் ரிஜிஸ்டரில் பதினெட்டு என்று எழுதிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மேசையைத் துடைத்துக் கொடுத்து, விளக்கை இழுத்து வைத்தார். அவள் தன் பழைய ரிப்போர்ட் தப்பு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அந்த ஃபைலை எப்போதோ அழித்துவிட்டார்கள். "யாரும் கேக்கலையே, நீங்களா எதுக்கு மாட்டிக்கிறீங்க?" என்றார் மேலதிகாரி. மாட்டிக்கொண்டாள். அவளுடைய ஆரம்பகால ரிப்போர்ட்டுகளை எல்லாம் இன்னொருவரை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆறு மாதம் அவள் எழுதியதற்கெல்லாம் கீழே வேறொருவர் கையெழுத்தும் வேண்டியிருந்தது.

கடிதத்தின் நகலை அந்தப் பயிற்சியாளரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் தகரக் கூரை ஆபீசில் நின்றபடியே கடைசிவரை படித்தார்.

"வேகம் எண்பதுன்னு போட்டிருக்கீங்க. எழுபதுலதான் வந்தேன்."

ஃபைல் இல்லாதபோது அதற்குச் சாட்சி அவர் வாய்வார்த்தைதான். எண்பதை அடித்து எழுபது என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆபீஸ் பெண்ணிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர் அதை நாலாக மடித்து உள் பையில் வைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவள் இப்போதும் அங்கேதான் போகிறாள். வேறொரு பயிற்சியாளர் வருகிறார். அவர் சிரித்துச் சிரித்துப் பேசுவதால் அவர்மேல் இவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் யாராவது, "பெரிய வண்டி வாங்கிட்டேன், முதல் தடவ எந்த டிராக்குக்குப் போகலாம்க்கா?" என்று கேட்டால், "சுவர் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு நடந்து பாருங்க. ரிஜிஸ்டரக் கேளுங்க. நான் சொன்னேன்னு எங்கயும் போயிடாதீங்க" என்கிறாள்.