நாலாம் நம்பர் மெஷினும் நான் சொல்லாத வாக்கியமும்

ஷிப்ட் மாறும் நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்ய ஒரு பெண் வரப்போகிறார் என்று மேனேஜர் சொன்னபோது எனக்குக் காதுக்குப் பின்னால் வேர்த்தது. நான் ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின்கள் ஒரு வரிசை முழுக்க என் பொறுப்பு. இருபத்திரண்டு வருடத்தில் மேனேஜர்களைப் பற்றி நான் அடித்த ஜோக்குகளை எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிப்பதற்குள் கேன்டீன் இட்லி ஆறிவிட்டது.

அந்தப் பெண் பெங்களூரில் ஆராய்ச்சி செய்பவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

"என்னா மேடம், நாங்க தமிழ் தப்பா பேசறதைக் கண்டுபிடிக்க வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ, அதில்ல சார். ஒரு வாக்கியத்தை மட்டும் தனியா எடுத்து வச்சுப் பாத்தா பாதிதான் தெரியும். யாரு யாருகிட்ட சொல்லுதாங்க, அதுக்கு முன்னால என்ன பேச்சு, பின்னால என்ன பேச்சு, எங்க பேசாம இருக்காங்க, எல்லாத்தையும் சேத்துப் பாக்குததுதான் என் வேலை. பதிவு ஆபீஸுக்குப் போகாது. நீங்க எப்பமும் பேசுத மாதிரியே பேசுங்க."

எப்போதும் பேசுகிற மாதிரியா! மூன்று நாள் நான் செய்தி வாசித்தேன். "வணக்கம். காலை ஷிப்டில் உற்பத்தி திருப்திகரமாக நடைபெற்றது." என்னிடமிருந்து மத்தியான ஷிப்டை வாங்குகிறவன் தளிப் பக்கத்துக்காரன். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பெண் கொடுத்த உறவும் இல்லை, எடுத்த உறவும் இல்லை. ஆனாலும் நான் அவனுக்கு மாமா.

மூன்றாம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. "யோவ் மாமா, உடம்பு கிடம்பு சரியில்லையா? எதுக்கு மேடையில நிக்கறாப்புல பேசிகினு இருக்கே?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு கருவி இருப்பதே எனக்கு மறந்து போனது. எங்கள் வழக்கம் பழையபடி ஆரம்பித்தது. அவன் வந்ததும், "இன்னைக்கி எத்தினி பேர கடிச்சே மாமா?" என்பான். "பசியில்லடா, ரெண்டு பேரோட நிறுத்திட்டேன்" என்று ஏதாவது சொல்வேன். கேலி முடிந்த பிறகுதான் மெஷின் பேச்சு.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஷிப்ட் முடியும்போது ஒவ்வொரு மெஷினையும் சோதித்து ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். நாங்களோ பதினொரு மணி டீயோடு எல்லாக் கட்டத்திலும் 'ஓகே' போட்டுவிடுவோம். மெஷின்களும் எங்கள் கையெழுத்துக்கு மரியாதை கொடுத்து ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள். வழக்கம்போல ஓகே போட்டாயிற்று. ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ஏதோ தோன்றி நாலாம் நம்பர் மெஷினின் சென்சாரைச் சோதித்தேன். கை உள்ளே போனால் மெஷினை அந்த நொடியே நிறுத்த வேண்டிய சென்சார் அது. கைக்குப் பதில் குச்சியை நீட்டித்தான் பார்ப்போம். ஒரே ஒரு தடவை தாமதமாக நின்றது. உடனே பத்துத் தடவை நீட்டினேன். பத்துத் தடவையும் ஒழுங்காக நின்றது. பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் லோடு போக வேண்டும். நிறுத்தத் தைரியம் இல்லை, விட்டுவிட்டுப் போக மனசும் இல்லை. மணி அடிக்கும்வரை அந்த மெஷினுக்குப் பக்கத்திலேயே கோயில் வாசல் யானை மாதிரி அசைந்துகொண்டு நின்றேன்.

பிறகு மத்தியான ஷிப்டுக்கு என் தோழன் வந்தான். ஏதோ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவன் நாலாம் நம்பரை அந்த ஷிப்ட் முழுக்க ஓட்டவில்லை. மெயின்டனன்ஸ்காரர்கள் வந்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அப்போதும் ஓட்டவில்லை. லோடு போகவில்லை.

மறுநாள் மேனேஜர் ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஓகேன்னு எழுதியிருக்கு. யாரைக் கேட்டு நிறுத்தினே?"

அவன் என்னைப் பார்த்தான்.

"நான்தான் சார் சொன்னேன், சென்சார் ஒருவாட்டி லேட்டா நின்னுச்சு" என்றேன்.

"அப்ப ஏன்யா ஓகேன்னு எழுதினே? சரி, அவன்கிட்ட என்னன்னு சொன்னே? அப்படியே சொல்லு."

நினைவில் ஒன்றுமே இல்லை. ஓய்வே தெரியாத என் வாய் அந்த நேரம் பார்த்து லீவு போட்டது. கூட்டாளியைக் காப்பாற்றக் கதை விடுகிறேன் என்று மேனேஜர் முடிவு செய்தார். அவன் ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவன். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

அடுத்த மூன்று நாளும் அவன், "வாங்க சார். சொல்லுங்க சார். சரிங்க சார்" என்றான். இதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். தூக்கம் போய்விட்டது. தொழிற்சாலை வாசலில் டீக்கடை போட்டால் பிழைக்க முடியுமா என்றுகூடக் கணக்குப் போட்டேன். எனக்கு டீ போடத் தெரியாது.

அப்போதுதான் அந்தக் கருவி நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணிடம் ஓடினேன்.

"நீங்க ரெண்டு பேரும் கேட்டாத்தான் வெளிய காட்ட முடியும்" என்று சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் போய்க் கேட்டார். அவன் "ம்" என்றானாம்.

மேனேஜர் அறையில் போட்டுக் காட்டினார்.

"எத்தினி பேர கடிச்சே மாமா?"

சத்தமே இல்லை. மெஷின் இரைச்சல் மட்டும். பிறகு என் குரல்: "நாலு."

"ஏனாய்த்து?" என்ன ஆச்சு என்று அவன் கன்னடத்தில் கேட்கிறான்.

"நீயே பாத்துக்கோ."

"சரிண்ணா."

அவ்வளவுதான். ஐந்து வாரம் வாய் ஓயாமல் பேசியவன், சொல்ல வேண்டிய நாளில் இவ்வளவுதானா சொல்லியிருக்கிறேன்!

"இதுல மெஷினை நிறுத்துன்னு எங்கம்மா இருக்கு?" என்றார் மேனேஜர்.

"இதுல மட்டும் தேடினா இருக்காது சார். மத்த நாளையும் கேளுங்க." முந்தைய ஐந்தாறு நாள் பேச்சைப் போட்டார். எல்லாவற்றிலும் கேள்வி முடியும் முன்பே என் கேலி வந்து விழுந்தது. மேனேஜரைப் பற்றியும் ஒன்று விழுந்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இவரு கேலிக்குப் பதில் கேலி பேசாத நாள் ரெண்டுதான். அந்த ரெண்டு நாளும் அவரு மாமான்னு கூப்பிடுததை விட்டுட்டு அண்ணான்னு கூப்பிடுதாரு. மேல ஒண்ணும் கேக்கல. இவங்களுக்குள்ள ஓட்டாதேன்னு சொல்லுதது இப்படித்தான் சார். இதுக்கு முந்தி ஒருநாள் ஏழாம் நம்பருக்கும் இதே 'நீயே பாத்துக்கோ'தான்."

ஏழாம் நம்பரில் அன்றைக்கு ஆயில் பைப் பிளந்திருந்தது மேனேஜருக்கே ஞாபகம் இருந்தது. பிறகு போனை எடுத்து, நாலாம் நம்பரை முழுசாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

சாயங்காலம் கண்டுபிடித்தார்கள். சென்சாருக்குப் போகும் ஒயர் ஒன்று உரசி உரசித் தேய்ந்து, நினைத்தால் தொட்டது, நினைத்தால் விட்டது. அந்த மெஷினில் உட்காருகிறவர்களின் விரல்களை அன்று ராத்திரி வீட்டில் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதற்கு மட்டும் எனக்கு ஜோக் வரவில்லை.

அவனுக்கு மெமோ வரவில்லை. எனக்கு வந்தது, பார்க்காமல் ஓகே போட்டதற்கு. அதை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக மெமோ வாங்கியவன் எங்கள் தொழிற்சாலையில் வேறு யாரும் இருக்க முடியாது.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். "எங்க காவேரிப்பட்டினம் தோப்புல விழுந்தது மேடம், சும்மா கெடந்துச்சு" என்று மாம்பழப் பெட்டியை நீட்டத்தான் முடிந்தது. பெட்டியில் ஒரு பழத்தில்கூட அடிபட்ட காயம் இல்லை. அவர் அதைப் பார்த்தார். "புரியுது சார்" என்றார்.

மெமோ வந்த மறுநாள் அவன் ஷிப்டுக்கு வந்தபோது, நான் ரிஜிஸ்தரோடு நின்றுகொண்டிருந்தேன். கட்டங்கள் எல்லாம் காலி.

"இன்னும் எழுதலியா?" என்றான். சார் இல்லை. மாமாவும் இல்லை.

"மெஷினைப் பாத்துட்டு எழுதலாம்னு இருக்கேன்."

கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மூலையில் சாத்தியிருந்த குச்சியை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"எத்தினி பேர கடிச்சே மாமா?"

"என்னையே கடிச்சிகினேன்டா" என்றேன். இருவரும் நாலாம் நம்பரைப் பார்த்து நடந்தோம்.